வலையா, வளையா

முதலில் காற்றில்தான் எழுதுவார். பெயிண்டைத் தொடாத பிரஷ், படகுக்கும் அவர் மூக்குக்கும் நடுவே சுழித்து இறங்கும். கூடவே வாய் அந்த எழுத்தைச் சொல்லும். காற்றில் எழுதியது மனதுக்குப் பிடித்திருந்தால்தான் பிரஷ் டப்பாவுக்குள் போகும். பிடிக்கவில்லையென்றால் இடது கையால் காற்றை அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். காரைக்கால்மேட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் ‘பாவம், மனுஷனுக்கு என்னவோ’ என்று பார்த்துவிட்டுப் போவதும் உண்டு.

நீலமேகத்துக்கு வயது முப்பத்தைந்து. படகுகளுக்குப் பெயரும் பதிவு எண்ணும் எழுதுவது தொழில். மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் எல்லாம் கரையோடு நின்றுவிட்டால், ஊரே ஓய்ந்திருக்கும்போது இவருக்கு மட்டும் சோறு தின்ன நேரமிருக்காது. எழுதி முடித்ததும் பிரஷ்ஷை லுங்கியின் இடது தொடையில் துடைப்பார். அந்த வாரம் எந்தெந்த நிறத்தில் வேலை நடந்தது என்பதற்கு லுங்கியே சாட்சி. கடைசியில் படகின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ‘நீ’ என்று ஓர் எழுத்து விழும். அதுதான் அவருடைய கையெழுத்து. “யாரு, நானா?” என்று கேட்காத ஆளே அந்தக் கரையில் இல்லை. “ஆமா, நீதான். வா, வந்து டப்பாவ புடி” என்பார்.

எழுத்துப் பிழை என்று எதிரே எது வந்தாலும் நீலமேகத்துக்குப் பொறுக்காது. கல்யாண பேனரில் ஒற்று விட்டுப்போயிருந்தால் பைக்கை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்துவிடுவார். ஒருமுறை ஒருவர் தன் படகுக்கு ‘கடல் அண்ணை’ என்று எழுதச் சொல்லித் துண்டுக் காகிதத்தை நீட்டினார். “கடலு ஒனக்கு அம்மாவா, அண்ணனா? வீட்டுல கேட்டு முடிவு பண்ணிட்டு வா” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழை என்று தெரிந்தால் அந்த வேலையில் ‘நீ’ விழாது.

இப்படிப்பட்டவருக்கு வந்த வினையைத்தான் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், சாயங்காலம் ஐந்து மணிக்கு, ‘வால்வீரன்’ என்று ஒரு கார்ட்டூன் தமிழில் வந்துகொண்டிருந்தது. வால்நட்சத்திரத்தில் பிறந்த வீரன். முதுகில் சிவப்புத் துண்டு. தோளில் ஓர் இயந்திர வண்டு. கெட்டவன் தப்பித்து ஓடும்போது வால்வீரன் கையை உயர்த்தி ஒரு வார்த்தை சொல்வான். வண்டு வாயைத் திறக்கும். அதிலிருந்து வெளிச்சம் வட்டமாக விரிந்துபோய் ஓடுகிறவனைச் சுற்றி விழும். அவ்வளவுதான், கதை முடிந்தது. காரைக்கால்மேட்டில் கேபிள் டிவி வைத்திருந்த நாலு வீட்டு வாசலிலும் அந்த நேரத்தில் செருப்பு குவிந்துகிடக்கும்.

அந்த வார்த்தை, “வலையை வீசு, வண்டே!” இதில் நீலமேகத்துக்குச் சந்தேகமே வந்ததில்லை. வீச்சுவலையைத் தோளில் போட்டுச் சுழற்றி வீசினால் அது தண்ணீருக்கு மேலே வட்டமாக விரிந்துதான் விழும். அதை அப்பா கையில் தினமும் பார்த்த பிள்ளைகளுக்கு வால்வீரன் வேறு யாராக இருக்க முடியும்? நம்ம ஆள். வானத்தில் தொழில் செய்கிறவன்.

பெரியவனாகி பிரஷ் பிடித்ததும் நீலமேகம் செய்த முதல் பெரிய வேலை, அஞ்சுகம் அக்காவின் விசைப்படகு. முன்பக்கத்தில் சிவப்புத் துண்டு பறக்க வால்வீரனை வரைந்து, கையில் வலையைக் கொடுத்து, கீழே ஒரு முழ உயரத்தில் ‘வலையை வீசு, வண்டே’ என்று எழுதினார். ஓரத்தில் ‘நீ’. அந்தப் படகுக்கு அந்த வருடம் நல்ல மீன்பாடு. பிறகு கேட்க வேண்டுமா? இன்று காரைக்கால்மேட்டில் பதினோரு படகுகளில் வால்வீரன் வலை வீசிக்கொண்டு நிற்கிறான்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனபோது, வேலை மும்முரத்தில் வால்வீரன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஊசியும் சீசாவுமாக இருந்த ஒரு பெண் ஜன்னல் வழியாக, “வளையை வீசு, வண்டே” என்று அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார். தலத்தெருவிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த பிரதீபா. நெல் விளைகிற வீட்டுப் பெண். நீலமேகம் திரும்பி, “எந்த ல சொன்னீங்க?” என்று கேட்டார். “பெரிய ள. வளையம் மாதிரிதானே போவுது? வளை” என்றார் பிரதீபா. “ஒங்க பக்கம் வளைன்னா எலி வளைதானே. அத எப்புடிங்க வீசுவான்?” என்று இவர் கேட்க, அந்தச் சண்டை தீராமல் கல்யாணத்தில் போய் முடிந்தது. இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இறங்கி வந்துவிட்டார்கள். ல-ள விவகாரத்தில் மட்டும் யாரும் இறங்கி வரவில்லை.

அந்தக் கார்ட்டூனின் பழைய தமிழ்ப் பதிவு எங்கும் கிடைப்பதில்லை. யாரோ டிவியைப் படம்பிடித்துப் போட்ட துண்டுகள் இரண்டு மூன்று உண்டு. ஆனால் அந்தக் குரல் கொடுத்த புண்ணியவானுக்கு எல்லா ல-வும் ஒன்றுதான். அதைப் போட்டுப் போட்டுக் கேட்டாலும் அவரவருக்கு வேண்டியதே காதில் விழும். பிரதீபா ஸ்கூட்டர் வாங்கிய அன்று, “என் வண்டில அத எழுதித் தாங்க, பெரிய ள போட்டு” என்று கேட்டார். “தப்பா எழுதுற பழக்கம் எனக்குக் கெடையாது” என்று நீலமேகம் சொல்லிவிட்டார். நாலு வருடமாக ஸ்கூட்டரின் முகம் வெறுமையாகவே இருக்கிறது.

இந்த நிலையில்தான் வால்வீரன் புதிதாகத் திரும்பி வருகிறான் என்ற செய்தி வந்தது.

திருமலைராயன்பட்டினத்தில் டிவி கடை வைத்திருக்கும் அஜ்மீர், நீலமேகத்தோடு படித்தவர். ‘வால்வீரன் பக்தர்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவர். வலை கட்சியும் வளை கட்சியும் கலந்து நாற்பத்து மூன்று பேர். எல்லாரும் பிள்ளை குட்டிக்காரர்கள், தொப்பை விழுந்தவர்கள். ஏப்ரலில் முன்னோட்டம் வந்ததும் அந்தக் குழு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. புதிய வால்வீரன் ஒல்லியாக இருந்தான். “என்ன இப்புடி எளச்சிட்டான், மூணு மாசமா வெறும் கஞ்சியா?” என்று ஒருவர். தோளில் இருந்த வண்டுக்குக் கால்களைக் காணவில்லை. முதுகில் சிவப்புத் துண்டும் இல்லை. “நம்ம ஆளு துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடியாந்திருக்கான்” என்று நீலமேகம் போட்டதற்கு முப்பத்தெட்டு சிரிப்பு விழுந்தது. கத்தாரில் இருக்கும் ரஞ்சித்குமார் நாலு நிமிடக் குரல் பதிவில் அழுதேவிட்டார்.

அந்தக் கலவரத்தில் அஜ்மீர் ஒரு படத்தை அனுப்பினார். விளம்பரத்தின் கடைசி வரி: ‘தமிழ்க் குரலில், தமிழ் எழுத்துகளுடன்.’ கீழே அஜ்மீரின் செய்தி: “மச்சான், இந்தத் தடவ அவன் பேசுறது எழுத்தாவும் ஓடும். ல-வா ள-வான்னு தெரிஞ்சிரும். ரெடியா இரு.”

நீலமேகம் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஊரிலுள்ள பிழையையெல்லாம் திருத்துகிறவன், தன் கையாலேயே பதினோரு படகில் ஒரு முழ உயரத்துக்குப் பிழை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறான் என்றால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? ‘கடல் அண்ணை’க்காரர் ஒருவர் போதாதா? அடுத்த மாதம் இரண்டு பேர் வால்வீரன் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். “மழ வர்ற மாதிரி இருக்கு, அப்பறம் பாப்போம்” என்றார். மே மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பாகம். அஜ்மீர் கடையில் இருப்பதிலேயே பெரிய டிவியை நடுவில் வைத்து, முன்னால் பாய் விரித்திருந்தார். இருபது பேர் இருக்கும். நீலமேகம் லுங்கியைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். பிரதீபா பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். பழைய பாட்டின் முதல் இரண்டு தாளம் விழுந்ததுதான் தாமதம், அவ்வளவு நாளும் திட்டித் தீர்த்தவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மீசை நரைத்தவர் ஒருவர் விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தார். நீலமேகம் கைதட்டிக்கொண்டே அழுதார். தான் அழுவது அவருக்கே தெரியவில்லை. பிரதீபா முந்தானையை நீட்டியபோதுதான் தெரிந்தது. துண்டு இல்லை, கால் இல்லை, எல்லாம் மறந்துபோயிற்று. வால்வீரன் வந்துவிட்டான், அது போதும்.

பத்தொன்பதாவது நிமிடம். கெட்டவன் ஓடினான். வால்வீரன் கையை உயர்த்தினான். எல்லார் கண்ணும் திரையின் அடிப்பக்கத்துக்கு இறங்கியது.

எழுத்து எழுதியே பழகிய கண் வார்த்தையைப் படிப்பதற்கு முன்பே எழுத்தைப் பார்த்துவிடும். இரண்டாவது எழுத்தின் வலது பக்கம் ஒரு கால் இறங்கியிருந்ததை நீலமேகம் முதலில் பார்த்தார். அதற்குப் பிறகுதான் படித்தார். ‘வளையை வீசு, வண்டே!’

வளை கட்சிக்காரர்கள் பாயைத் தூக்கிப் போட்டு ஆடினார்கள். “மச்சான், பதினோரு போட்டுலயும் தப்பு” என்று அஜ்மீர் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழுவில் ரஞ்சித்குமார் மறுபடி அழுதார், இந்தத் தடவை சந்தோஷத்தில். நீலமேகமும் சிரித்துத்தான் வைத்தார். பத்து வருடமாக இந்த நாளுக்காகக் காத்திருந்த பிரதீபா மட்டும் ஆட்டத்தில் சேரவில்லை. மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நீலமேகத்துக்குத் தாங்கவில்லை. “செயிச்சிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறியே?” என்று கேட்டார்.

“என்னத்த சொல்றது? பதினோரு போட்டு இருக்கு. இந்த வெயில்ல எத மொதல்ல சொரண்டுவீங்கன்னு யோசிச்சிட்டு வர்றேன்” என்றார் பிரதீபா.

மறுநாள் காலை சுரண்டும் தகடோடு நீலமேகம் அஞ்சுகம் அக்காவின் படகுக்குப் போனார். முதல் பிழை அதுதானே, அங்கிருந்தே தொடங்க வேண்டும். அக்கா படகின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னா தம்பி, கையில தகடு?”

“எழுத்து தப்பாப் போச்சுக்கா. சின்ன ல இல்ல, பெரிய ள. சொரண்டிட்டு மாத்திடுறேன்.”

“மாத்துனா அவன் கையில என்னா இருக்கும்?”

“வளையம்.”

அக்கா எழுந்து வந்து படத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். “வளையத்த வீசி என்னத்த அள்ளுறது? டிவில அவன் எத வேணாலும் வீசட்டும். என் போட்டுல ஏறிட்டான்ல, வலைதான் வீசணும்.”

“அப்ப தப்பு இல்லியாக்கா?”

“மீனு படுதுல்ல. பெறகு என்னா தப்பு? தகட உள்ள வையி.”

நீலமேகம் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். கையில் வலை, கீழே வலை. படத்துக்கும் எழுத்துக்கும் எந்தச் சண்டையும் இல்லை. தகட்டைப் பைக்குள் போட்டார். பிரஷ்ஷை எடுத்தார். காற்றில் சின்ன ல ஒன்றை எழுதிப் பார்த்தார். வெயிலில் வெளுத்திருந்த அந்த ல-வின் மேலேயே புதுப் பெயிண்டை ஓட்டினார். மற்ற பத்து படகுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள் என்பதை மத்தியானத்துக்குள் குழுவில் போட்டுவிட்டார். எழுத்து ஓடிய திரையின் படத்தையும் அவரே போட்டு, ‘டிவியில் வளை, கடலில் வலை’ என்று எழுதினார். இரண்டு கட்சியும் கைதட்டியது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரதீபா கடைக்குப் போக வெளியே வந்தபோது, ஸ்கூட்டருக்கு முன்னால் நீலமேகம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிரஷ் காற்றில் பெரிய ள-வை எழுதியது. பிடிக்கவில்லை போலும், கையால் அழித்தார். மறுபடி எழுதினார். மூன்றாவது தடவைதான் டப்பாவைத் தொட்டார். ‘வளையை வீசு, வண்டே’ என்று ஸ்கூட்டரின் முகத்தில் சிவப்பில் எழுந்தது. ள மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிது. கடைசியில் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு, ‘நீ’.

பிரதீபா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் படித்தார். “எழுதுனது சரிதான். அடியில ஒங்க பேரு எதுக்கு? வண்டி என்னுதுல்ல?”

“அது என் பேரு இல்ல” என்றார் நீலமேகம்.

பிரதீபா குனிந்து அந்த ஒற்றை எழுத்தை மறுபடி படித்தார். அதற்குள் அவர் பிரஷ்ஷை லுங்கியின் இடது தொடையில் துடைக்கத் தொடங்கியிருந்தார்.