கரை வீட்டு ரத்தம்

கில்வோர்னாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு ஹாரிங்டன் தலையில்தான் விழும். குறி தப்பினால் அவன் மச்சான் தலையில் விழும். அவனும் ஒரு ஹாரிங்டனாகத்தான் இருப்பான். அயர்லாந்தின் பீரா முனையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற அந்த ஊர் முழுக்க ஒரே குடும்பப் பெயர். போதாக்குறைக்கு, மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்போம் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு பிடிவாதம். விளைவு, ஃப்ளோரன்ஸ் ஹாரிங்டன் என்ற பெயரில் ஒரே காலத்தில் இரண்டு கிழவர்கள். கிழவர்கள்தான், கிழவிகள் இல்லை. அந்தப் பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் ஆம்பிளைப் பெயர். கூப்பிடுவது ஃப்ளோரி என்று.

இந்தக் குழப்பத்தில் பிழைத்துக் கிடக்க ஊர் ஒரு வழி வைத்திருந்தது. வீட்டுக்கு வீடு பட்டப்பெயர். மேலே ஆட்டு மந்தையோடு இருப்பவர்கள் மலை ஹாரிங்டன். கீழே மணலை ஒட்டி இருப்பவர்கள் கரை ஹாரிங்டன். மலை என்றால் மரியாதை. கரை என்றால் ஒரு நமட்டுச் சிரிப்பு.

சிரிப்புக்குக் காரணம் ஒரு கதை. உருளைக்கிழங்கு அழுகிய பெரும் பஞ்சத்துக்கும் முன்னால், புயலில் ஒரு கப்பல் உடைந்ததாம். காலையில் கடல்பாசி பொறுக்கப் போன மலை வீட்டு வேலைக்காரப் பெண், பலகையில் கட்டிய ஓர் ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். ஐயோ பாவம் என்று மலை வீட்டார் தங்கள் பெயரையே கொடுத்து, கரையில் ஒரு துண்டு நிலமும் கொடுத்தார்களாம். அந்தப் பிள்ளையின் வம்சம்தான் கரை. கடல் கக்கின குடும்பம் என்று ஊர் சொல்லும். எந்த நாட்டான் பிள்ளையோ, ஞானஸ்நானம் பெற்றதோ இல்லையோ, யார் கண்டது!

அந்தக் கடைசிச் சந்தேகம்தான் விஷம். அவன் செத்தபோது, இடிந்த பழைய கோவிலின் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அவன் பிள்ளைகளையும் வெளியே. பேரன்களையும் வெளியே. பின்னால் வந்த பங்குச் சாமியார்கள் எல்லாம் இது என்ன மடத்தனம் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஆனால் அந்த ஊரில் குழி வெட்டுவது கூலியாட்கள் இல்லை, அக்கம்பக்கத்தார். மலை வீட்டார் முகத்தைச் சுளித்தால் ஒருத்தன் மண்வெட்டியைத் தொடமாட்டான். அதற்கு மேல் சாமியார் என்ன செய்வார், சட்டம்தான் என்ன செய்யும்?

கரை ஃப்ளோரிக்கு ஒரே மகள், கப்னட். ஐம்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். வாலிபத்தில் பாஸ்டனுக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தாள். அம்மா படுத்ததும் திரும்பி வந்தாள், திரும்பிப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஊர்ல எல்லாரும் ஹாரிங்டன். பேர் மாறாத கல்யாணம் எதுக்கு?" என்பாள். ஆட்டு மந்தை வழியை மறித்தால் ஹார்ன் அடிக்கமாட்டாள். ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போடுவாள். ஆடும் நகரும், மேய்ப்பவனும் நகர்வான்.

அவள் அம்மா ஹானா மலை வீட்டுப் பெண். மலை ஃப்ளோரியின் கூடப்பிறந்த அக்கா. வீட்டை எதிர்த்துக் கரைக்கு இறங்கி வந்து கரை ஃப்ளோரியைக் கட்டிக்கொண்டு சிரிக்கச் சிரிக்க வாழ்ந்தவள். அவள் செத்ததும் தம்பி வந்து நின்றார்.

"எங்க வீட்டுப் பொண்ணு எங்க மண்ணுலதான் படுப்பா."

பெண்ணைப் பிறந்த வீட்டார் மண்ணில் வைப்பது அங்கே பழைய வழக்கம். மறுக்க முடியவில்லை. ஹானா சுவருக்கு உள்ளே போனாள். கரை ஃப்ளோரிக்கு வெளியேதான் இடம்.

கோடையில் கல்லறை மந்திரிக்கிற ஞாயிறு வரும். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லறை மேல் நிற்க, சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். கரை ஃப்ளோரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே தன் அப்பன் தலைமாட்டில் நிற்பார். ஹானா மேல் தீர்த்தம் விழுகிறதா என்று சுவருக்கு மேலே எக்கி எக்கிப் பார்ப்பார். எண்பது தாண்டிய மனுஷன் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் கப்னட்டுக்கு வயிறு எரியும். இந்த மனுஷனை அம்மா பக்கத்தில் படுக்க வைக்காமல் நான் சாகமாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டது அங்கேதான்.

அப்போதுதான் எம்மெட் வந்தான். இவனும் ஹாரிங்டன்தான். முன்னோர்கள் செம்புச் சுரங்க வேலைக்கு மொன்டானாவின் ப்யூட் நகரத்துக்குப் போனவர்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். உலகத்து ஹாரிங்டன்களின் டி.என்.ஏ.வை எல்லாம் சேர்த்து ஒரே மரமாக்கப் போகிறேன் என்று ஒரு பெட்டி நிறையப் பஞ்சுக் குச்சிகளோடு வந்திறங்கினான். மலை ஃப்ளோரிக்குத் தலைகால் புரியவில்லை. தன் ரத்தம்தான் அடிமரம் என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். கப்னட்டும் சத்தமில்லாமல் அப்பா பெயரைக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் அப்பா மறுத்தார்.

"வேணாம்டி. இப்ப வெறும் கதை. நாளைக்கு முடிவு வந்து, ஆமாம் இவன் கடல்ல வந்தவன்தான்னு சொல்லிட்டா? அப்புறம் அது முத்திரை குத்துன மாதிரி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அப்பா. ஆனா இது அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போற சரக்கு. குடும்பப் பேர் போற வழியிலயே போகுதாம். எங்கிட்ட கிடையாது. நீங்கதான் கடைசி. நீங்க போயிட்டா கேக்கறதுக்கு ஆள் இல்ல."

"உனக்கு என் வாய் வந்திருக்கே, போதாதா?"

"வாய வச்சுச் சுவரைத் தாண்ட முடியலையே அப்பா!"

கிழவர் அடுப்புத் தணலைக் கிளறினார். பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

ஊர் மண்டபத்தில் எம்மெட் பெயர்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இந்த ரெண்டு அம்மாவும் ஆசைப்பட்டுப் பேர் குடுத்திருக்காங்க. ஆனா இது ஆம்பிளைங்களுக்கு மட்டும்தான். ஃப்ளோரன்ஸ் ஹாரிங்டன், இன்னொரு ஃப்ளோரன்ஸ் ஹாரிங்டன்..."

"அதோ உக்காந்திருக்காங்க பாருங்க உங்க ரெண்டு அம்மாவும்," என்றாள் கப்னட். "ஒருத்தி ஷேவ் பண்ணிருக்கா, ஒருத்தி பண்ணல."

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. மலை ஃப்ளோரிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கரை வீட்டானோடு ஒரே மூச்சில் தன் பெயரைச் சொன்னதே அவருக்குப் பெரிய அவமானம்.

குளிர்காலத்தில் முடிவு வந்தது. கப்னட் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தைத் திருப்பும் நேரம், எம்மெட் கைபேசியில் கூப்பிட்டான்.

"கப்னட், உக்காந்திருக்கீங்களா?"

"பஸ் ஓட்டறவ நின்னுக்கிட்டா ஓட்டுவேன்? சொல்லுங்க."

"உங்க அப்பா ஹாரிங்டன். சந்தேகமே இல்ல."

அவள் எஞ்சினை அணைத்தாள். அவன் விடாமல் பேசினான். "கேளுங்க, இன்னும் இருக்கு. ஊர்ல மத்தவங்க எல்லாம் உங்க அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனா உங்க மாமா இருக்காரே, அவரோட ஒப்பிட்டா துளி வித்தியாசம் இல்ல. அவங்க ரத்தத்துல ஒரு சின்ன மாற்றம் இருக்கு, உலகத்துல வேற எந்த ஹாரிங்டன்கிட்டயும் நான் பாக்கல. ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான். ரொம்பத் தூரம் போக வேண்டாம், ஆறேழு தலைமுறைக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா."

கப்னட் பேருந்துப் படியில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கப்பலைப் பார்த்தது யார்? யாருமில்லை. பிள்ளையைக் கண்டெடுத்தது யார்? மலை வீட்டு வேலைக்காரி. பெயர் கொடுத்தது? மலை வீடு. நிலம் கொடுத்தது? மலை வீடு. இயேசு மரி சூசை! எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மலை வீட்டார், எவனோ பெற்ற பிள்ளைக்குச் சும்மாவா நிலம் எழுதிக் கொடுப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அந்தச் சோற்றை ஊரே தலைமுறை தலைமுறையாக மென்று தின்றிருக்கிறது. அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். எதிரே வந்த பால் வண்டிக்காரன் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டான்.

அன்று சாயங்காலமே மதுக்கடையில் செய்தி பற்றிக்கொண்டது. மலை ஃப்ளோரி கறுப்பு பீரைத் தொடாமல் மேசையை ஓங்கி அடித்தார்.

"புளுகு! ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. அந்த அமெரிக்காக்காரன் என் எச்சிலையே ரெண்டு தடவ அனுப்பிருக்கான். மலையில இருக்கறவன் கரைக்கு இறங்கிப் போனானாக்கும்?"

"கரை வரைக்கும் போகல மாமா," என்றாள் கப்னட். "வேலைக்காரி படுக்குற அறை வரைக்கும்தான் போனான்."

கடையே கொல்லென்றது. கிழவருக்குக் காது மடல் சிவந்தது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கில்வோர்னாவில் ஒரு ஃப்ளோரிக்கு வந்த தபால் இன்னொரு ஃப்ளோரிக்குப் போகாத வாரம் கிடையாது. ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தர் மாசக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்ததும் உண்டு. எச்சில் மாறாது என்று யார் சத்தியம் செய்வது? கப்னட்டுக்கே சந்தேகம் வந்தது.

"சரி, மறுபடி எடுப்போம்," என்றாள். "ஊர் முன்னாடி, சாமியார் முன்னாடி. வேற சோதனைச் சாலைக்கு அனுப்புவோம். அப்பவும் இதே வந்தா?"

"வந்தா என் கையால குழி வெட்டுறேன்! எங்க அக்கா பக்கத்துல!"

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" என்று கடை முழுக்கத் திரும்பிக் கேட்டாள் அவள்.

வசந்தத்தில் மண்டபம் திருவிழாப் போலக் கூடியது. எச்சில் எடுக்கும் முன்னால் ஒரு மணி நேரம் வாயில் எதுவும் படக்கூடாது, டீகூட ஆகாது என்று விதி. பெரிய வெள்ளிக்கிழமை நோன்பையே பால் டீயோடு கடக்கிற ஊர் அது! இரண்டு கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஊர் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"மச்சான், உன் பையில ரொட்டி இருக்கு. திருட்டுத்தனமா தின்னு கெடுத்துராத," என்றார் மலை.

"நான் எதுக்குடா கெடுக்கணும்? நடுங்குறது நீதான்," என்றார் கரை.

சாமியாரே குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தார். மலை ஃப்ளோரியின் குழாயில் சிவப்பு நூல், கரை ஃப்ளோரியின் குழாயில் நீல நூல். ஊரே பார்த்தது.

பிறகு காத்திருந்தார்கள். கரை ஃப்ளோரிக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கப்னட் ராத்திரியெல்லாம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். இந்த மனுஷன் இப்போது போனால் வெளியேதான் என்று நினைத்ததும் எழுந்து உட்கார்ந்தாள். ஜெபமாலையை எடுத்தவள் ஹானாவோடு சண்டைதான் போட்டாள்: "கொஞ்சம் தாக்காட்டி வையும்மா அவரை. உனக்குத்தானே இவ்வளவு பாடும்."

காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் மலை ஃப்ளோரி, மழையில் நனைந்துபோய். அக்காவின் சாவுக்குப் பிறகு அவர் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. நேராக அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். கப்னட் டீ ஊற்றினாள். வெண்ணெய் தடவிய ரொட்டியை நகர்த்தினாள். அவர் இரண்டையும் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து அப்படியே மேசையில் வைத்தார். முடிவு அவருக்கும் வந்திருந்தது.

"அதேதான்," என்றார். "ஒரு எழுத்து மாறல."

அவர் கரை ஃப்ளோரியை நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான், அக்காவுக்கு எந்தப் பக்கம் வேணும் உனக்கு? இடமா, வலமா?"

கரை ஃப்ளோரி தயங்கவில்லை. "இடது பக்கம்டா. அவளுக்கு வலது காதுதான் மந்தம்."

"இனிமே மச்சான்னு சொல்லாதீங்க மாமா," என்றாள் கப்னட், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பங்காளி ஆயிட்டீங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆம்பிளைங்க."

"அப்ப நானும் அவளும் சொந்தத்துல கட்டிக்கிட்டோமா?" என்று திடுக்கிட்டார் அப்பா. "பிஷப்கிட்ட அனுமதி வாங்கலையே!"

"அத்தனை தலைமுறை தள்ளி இருக்கறத பிஷப் கண்டுக்கமாட்டார். டீயக் குடிங்க ரெண்டு பேரும்."

மலை ஃப்ளோரி அப்போதுதான் கோப்பையை எடுத்தார். கப்னட் விடவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதியா அவள்?

"மாமா, இவர் ஒருத்தர் உள்ள வந்தா போதுமா? வெளிய கிடக்கறவங்களும் உங்க ரத்தம்தானே. அந்தக் குழந்தை, அது பிள்ளைங்க, எல்லாரும். அவங்கள என்ன பண்றது?"

மலை ஃப்ளோரி வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினார். "செத்தவங்களத் தோண்டக் கூடாது. ஆனா சுவர் வெறும் கல்லுதானே. கல்லு நகரும்."

நகர்ந்தது! அந்தக் கோடையில் மலை வீட்டு ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார்கள். அவர்கள் தொட்டதும் ஊரே தொட்டது. பழைய சுவரைப் பிரித்து, கரை வீட்டுக் கல்லறைகளுக்கும் அப்பால் ஒவ்வொரு கல்லாகத் திரும்ப அடுக்கினார்கள். கப்னட் பள்ளிப் பேருந்தில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் ரொட்டியும் கொண்டுவந்து இறக்கினாள். கல் கோணலாக உட்கார்ந்தால் திட்டினாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே திருத்தி வைத்தார்கள்.

மந்திரிக்கிற ஞாயிறு வந்தது. ஊர் முழுக்க உள்ளே நின்றது. வெளியே நிற்க ஒருத்தர் மிச்சமில்லை. மலை ஃப்ளோரி வாசல் கம்பிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கரை ஃப்ளோரி புதுத் தொப்பியோடு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் ஒருத்தர் கை குலுக்கினார், ஒருத்தர் தோளைத் தட்டினார். யாரோ கை தட்ட, அது கல்லறை என்பதையும் மறந்து எல்லோரும் தட்டிவிட்டார்கள். சாமியார் கண்டுகொள்ளாத மாதிரி தீர்த்தப் பாத்திரத்தைக் குலுக்கினார்.

கிழவர் ஹானாவின் இடது பக்கம் போய் நின்றார். குதிகாலைத் தூக்கவில்லை, எக்கிப் பார்க்கவில்லை. தீர்த்தம் கல்லின் மேலும் விழுந்தது, அவர் பூட்ஸின் மேலும் விழுந்தது. தொப்பியை எடுத்துவிட்டுக் குனிந்தார்.

"ஹானா," என்றார், ஊர் கேட்க. "கொஞ்சம் தள்ளிப் படு."