அரளிக் கொம்பில் ஒரு வில்

தசராவுக்கு ராமாபுரத்திலிருந்து வந்திருந்த மாமா, மைசூரில் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் வளைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தார். எனக்கு வில் செய்ய வேண்டும். எட்டு வயதில் நான் எங்கள் அக்ரஹாரத் தெருவிலேயே பெரிய வில்லாளி. வில் ஒன்றுதான் குறை.

மூங்கில் பிளந்துகொண்டது. புளியங்கிளை வளையவே மாட்டேன் என்றது. கொய்யா வளைந்தது, திரும்ப நிமிர அதற்கு மனம் வரவில்லை. கடைசியில் சாலையோரச் செவ்வரளியிலிருந்து நீளமாக ஒரு கொம்பை வெட்டி வந்தார்.

"பாரு மாப்ளே, முள்ளில்ல, முடிச்சில்ல. வளைச்சா வளையுது, விட்டா நிமிருது. நல்ல மருமவ மாதிரி."

அம்பும் அதே செடியில்தான். தோலை உரித்து வழவழவென்று சீவித் தந்தார். நாண் கட்ட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றேன். அதில் ஒரு வீரக்களை இருப்பதாக நினைப்பு.

கார்மென்ட்ஸ் வேலை முடிந்து வந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அம்பைப் பார்த்தாள்.

"என்ன கட்டைடா அது?"

"அரளிக்கா. சூப்பரா வளையுது," என்றார் மாமா.

தோள்பையைக்கூடக் கழற்றாமல் அம்மா என் வாய்க்குள் விரலை விட்டாள். அடுத்து நினைவிருப்பது ஆட்டோ.

"முழுங்கினியா சாமி? கசந்துச்சா?"

கசக்கத்தான் செய்தது. ஒப்புக்கொண்டால் வில் போய்விடும். "தித்திப்பா இருந்துச்சும்மா," என்றேன். ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரியில் நடுராத்திரி வரை படுக்கவைத்து, நெஞ்சில் ஏதேதோ ஒட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் மசால் தோசை கேட்டேன். அம்மா இன்னும் தோள்பையைக் கழற்றவில்லை.

"ஒரு குச்சிக்கு இவ்ளோ கலாட்டையாக்கா?" என்று மாமா சிரிக்கப் பார்த்தார்.

அம்மா அவரை அறைந்தாள். அவள் யாரையும் கைநீட்டி அடித்து நான் பார்த்ததில்லை.

"பெரியக்கா எப்படிடா போனா?"

அவர்களுடைய மூத்த அக்கா, கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் இறந்தவள். நான் அப்போது பிறக்கவில்லை. மாமாவுக்கு அப்போது எட்டு வயதுகூட ஆகவில்லை.

"வயித்து வலியில," என்றார் மாமா, கன்னத்தைப் பிடித்தபடி.

"வயித்து வலி இல்லடா. அரளி. அவளேதான் சாப்புட்டா. சின்னப் பையன்னு உன்கிட்ட மறைச்சோம்."

மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனுஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

பாவம், அவ்வளவு பாடுபட்டுச் செய்த வில்லாயிற்றே என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் அவர் தோளில் கைபோட்டேன்.

"விடுங்க மாமா. வேற மரத்துல பண்ணிக்கலாம்."

அவர் என்னை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். மூச்சு முட்டியது. ஒரு வில்லுக்காகப் பெரிய ஆம்பளை இப்படியா அழுவார்? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன்.