பந்தைத் தொடாதவனின் கணக்கு

என் மகன் அந்தோனி மாலை நேரங்களில் வீட்டு வாசலில் பின்னோக்கி நடந்து பழகுகிறான். முழங்காலை மடித்து, கைகளை முன்னே நீட்டி, இல்லாத ஒருவனை மறித்தபடி. ஒஹாயோவில் எங்கள் தெருவில் யாரும் இதை வேடிக்கை பார்ப்பதில்லை. அமெரிக்க ஃபுட்போலில் பந்தை எறிபவனுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். எதிரணி அவன்மேல் பாயாமல் முன்னால் நின்று மறிக்கிற ஐவரில், உயர்நிலைப் பள்ளி அணியில், அந்தோனியும் ஒருவன். பந்தைத் தொடுவது அவன் வேலையே அல்ல. திருகோணமலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். முதல் வருடம் எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆட்டப் புள்ளிவிவரத்தில் இந்த ஐவருக்கென்று தனியாக எண் எதுவும் எழுதுவதில்லை. எறிபவனின் எண்களை வைத்துத்தான் இவர்களுக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும். எறியுமுன்னரே அவனைப் பிடித்து விழுத்திவிட்டால் அது ‘சாக்’. அந்தோனி வந்தபின் சாக் கூடிவிட்டது என்று பயிற்சியாளர் அவனை வெளியே இருத்தப்போவதாகச் சொன்னார். பிள்ளை அன்று சாப்பிடவில்லை. “விடுங்கோ அப்பா” என்றான். என்னால் விட முடியவில்லை.

தொழிற்சாலையில் பழுதான பொருட்களுக்கு விகிதம் பார்ப்பது என் வேலை. அதே புத்தியோடு உட்கார்ந்தேன். அணி இப்போது முன்பைவிட அதிகமாக எறிகிறது. எறிய முயன்ற தடவைகளோடு ஒப்பிட்டால் சாக் உண்மையில் குறைந்திருந்தது. ஒவ்வொரு எறியிலும் கிடைத்த தூரமும் கூடியிருந்தது. நின்று எறிய நேரம் கிடைத்தால்தானே பந்து தூரம் போகும்?

மறுநாள் பயிற்சியாளரிடம் போனேன். யாரையும் வெறுங்கையோடு போய்ப் பார்த்துப் பழக்கமில்லை. ஊரிலிருந்து பிலோமினா அக்கா அனுப்பிய பயற்றம் பணியாரத்தில் ஒரு பெட்டி எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“இப்படி வாங்கிக்கொண்டு நான் யாரையும் விளையாட விடுவதில்லை” என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“அதற்கில்லை. இது எங்கள் ஊர்ப் பழக்கம்” என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

கணக்கைப் பாதி மனதோடு கேட்டார். “எறிபவன் பந்தைச் சீக்கிரம் விட்டாலும் சாக் குறையும். தூரம் கூடியது பிடிப்பவனின் கெட்டித்தனமாகவும் இருக்கலாம். உங்கள் மகன்தான் காரணம் என்று எந்த எண் சொல்கிறது?”

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாக் கூடியதற்கு மட்டும் அவன்தான் காரணம் என்று எந்த எண் சொன்னது என்று கேட்டிருக்கலாம். அது காரில் ஏறியபிறகுதான் தோன்றியது.

வழியில் பிலோமினா அக்காவின் நினைவு வந்தது. சண்டைக் காலத்தில், துறைமுகத்தை ஒட்டிய வீதியால் என்னை ரியூசன் வகுப்புக்குக் கூட்டிப்போவது அவள்தான். இராணுவ முகாம் இருந்த பக்கம் அவள் நடப்பாள், கடல் பக்கம் என்னை விடுவாள். எனக்கு ஒருநாளும் ஒன்றும் நடக்கவில்லை. நான் படித்து இங்கே வந்தபோது, பொடியன் கெட்டிக்காரன் என்று ஊர் சொன்னது. அக்காவைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

வெள்ளி மாலைப் போட்டியில் அந்தோனி மாற்று ஆட்டக்காரர் இருக்கும் ஓரத்து வாங்கில் இருந்தான். அங்கே திருகோணமலையில் சனிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. பூசைக்குப் புறப்படுமுன் அக்கா வீடியோவில் வந்தாள். போனை மைதானத்தின் பக்கம் திருப்பினேன்.

“பந்தை ஆர் கேட்டது தம்பி? பிள்ளையைக் காட்டு.”

“அவன் இண்டைக்கு விளையாடேல்லை அக்கா. சும்மா இருக்கிறான்.”

“இருக்கட்டும். இருக்கிறதைக் காட்டு.”

கையை நீட்டிப் போனை வாங்கின் பக்கம் பிடித்தேன். மைதானத்தில் எறிபவன் கையை ஓங்கினான். சனம் முழுவதும் எழுந்தது. நானும் எழுந்து, பந்து போன திசையைப் பார்த்து அவர்களோடு சேர்ந்து கத்தினேன். கை மட்டும் அக்கா சொன்ன பக்கமே நீண்டிருந்தது.