கண் பரிசோதனையில் பாஸ்

பெங்களூரு ஈஜிபுராவில் என்னைவிடப் பெரிய மடையன் இருக்க வாய்ப்பில்லை. எங்கள் தெருவில் அதற்கு இடம் பத்தாது. பெற்ற மகளைக் கண் பரிசோதனையில் காப்பியடிக்க வைத்தவன் நான்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. கண்ணாடி போட்டாலும் பாதிதான். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, போர்டில் தெரியாததைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அப்போது பள்ளியில் கண் முகாம் என்றார்கள். பார்வை இல்லை என்று எழுதிவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

வைட்ஃபீல்டில் ஆபீஸ் கேப் ஓட்டுகிறேன். எங்களுக்கும் வருஷம் ஒருமுறை கண் டெஸ்ட் உண்டு. முதலில் உள்ளே போகிற டிரைவர் சார்ட்டைப் படமெடுத்து குரூப்பில் போட்டுவிடுவார். மற்றவர்கள் வரிசையில் நின்றபடியே படித்துக்கொள்வோம். நான் ஃபெயிலானதே இல்லை. எங்கள் வண்டியில் ஏறுகிறவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

பள்ளியில் முகாமுக்கு முந்தின நாளே சார்ட்டை மாட்டியிருந்தார்கள். படமெடுத்து வந்து, சாயங்காலம் முழுக்க மகளை உருப்போட வைத்தேன். மறுநாள் கடைசி வரிவரை பிசகாமல் ஒப்பித்தாள். ‘கண்ணாடியோடு நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் பிரியாணி வாங்கி வந்து கொண்டாடினேன்.

நான்கு மாதம் கழித்து அவள் நோட்டுகளைத் திறந்தால், எல்லாம் வெள்ளைத் தாள். கன்னடம் கலந்து பேசும் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன்.

“நோடி சார், கண்ணு நார்மல்னு ரிப்போர்ட் இருக்குது. உயரமான பொண்ணு, அதான் கடைசி பெஞ்சுல தனியா உட்கார வச்சேன். எழுதச் சொன்னா எழுதாம முழிச்சுக்கிட்டு நாடகம். அதான் வெளியில நிக்க வைக்கிறேன்.”

“எத்தனை நாளு மேடம்?”

“தினமும்தான். இப்பவும் அங்கதான் நிக்கிறா.”

நான் செய்ததைச் சொன்னேன். கொஞ்சம் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி சர்ட்டிஃபிகேட் கொண்டுவாருங்கள், நாளையிலிருந்து முதல் பெஞ்சு என்றார். டி.சி. என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

வராந்தாவில் மகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டடி தூரத்தில் போய் நின்ற பிறகுதான் நான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“நாலு மாசமா இங்க நின்னிருக்க. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாப்பா?”

“கண்ணு தெரியலன்னு வாயே திறக்காதன்னு நீதானப்பா சொன்ன.”