மூட்டையின் அடிவரைக்கும்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு மாதவிலக்கு நின்று ஆறேழு வருஷம் இருக்கும். ஒரு நோன்பு மாதத்தில் மறுபடியும் உதிரம் பட்டது. பயப்பட வேண்டியவள், வெட்கங்கெட்ட நான், உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். பேரன் கண்ட வயதில் குமரியாகிவிட்டேன் என்று நினைப்பு. உதிரம் படும் நாட்களில் எங்கள் பெண்களுக்குத் தொழுகையுமில்லை, நோன்புமில்லை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு இடியப்பத்தை ஒரு பிடி பிடித்தேன். மருமகள் கண்டுவிட்டாள்.

"மாமி, உங்களுக்கு நோன்பில்லையோ?"

"தொழுகையில்லை, மகள்."

வாயைப் பொத்திச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். நின்றது திரும்பி வந்தால் நல்லதற்கில்லை, தன் பெரியம்மா இப்படித் தொடங்கித்தான் கர்ப்பப்பைப் புற்றில் மவுத்தானாள் என்றாள். என் குமரிப்பருவம் அந்த இடத்திலேயே முடிந்தது. மிச்ச இடியப்பத்தை மூடிவைத்தேன்.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் என் வீட்டுக்காரர் என்னை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர் கருவாட்டு வியாபாரி, வாய் ஓயாத மனிதர். மன்னாரில் ரயில் ஏறியவர், மதவாச்சியில் மாறி ஏறிய பிறகும் ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

பெண் டாக்டர் சோதித்துப் பார்த்து, கர்ப்பப்பையின் வாயில் பிழையொன்றும் இல்லை என்றார். வீட்டுக்குப் போய்ப் பொறுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, உள்ளே வழித்து, எடுத்த சதையைக் கொழும்புக்கு அனுப்பி நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். மயக்கத்திலும் ஆபத்து உண்டு, ஆனால் உள்ளே இருப்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது என்றார். என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போகும் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் கருவாட்டு மூட்டையை மேலால பாத்திட்டோ வாங்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"அடிவரைக்கும் கைவிட்டுப் பாப்பன்."

"அப்ப வழிக்கச் சொல்லுங்கோ."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சில வாரம் கழித்து முடிவு கேட்கப் போனோம். புற்று இல்லை. சின்னதொரு சதை வளர்ந்திருந்ததாம், வழித்தபோதே அதுவும் வந்துவிட்டதாம். திரும்பும்போது இவர் வாய் திறந்தது, மன்னார் வரும்வரை மூடவில்லை. ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வாங்கியிருந்தார்.

அது நோயின் உதிரம்தானே, நோன்பை விட்டிருக்கத் தேவையில்லை. மறுநாளே விட்ட நோன்புகளைப் பிடிக்கத் தொடங்கினேன். மாம்பழமென்றால் உயிரை விடுகிற இவரும் கூடைப் பக்கமே போகவில்லை. உங்களுக்குத்தான் ஒரு நோன்பும் விடுபடவில்லையே என்றேன்.

"நேர்ச்சை நோன்பு," என்றார். "போகேக்க ரயில்ல வைச்சனான்."

அன்று நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்கும்வரை இரண்டு பேரும் மாம்பழக் கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.