அண்ணன் தட்டிய எண்

சாம்பல்தீவில் படகு வைத்திருக்கும் அண்ணனுக்காக, மீனுக்கு எத்தனை ஐஸ் கட்டி தேவை என்று கணக்கிடும் பைதான் புரோகிராம் எழுதி, அவருடைய கணினியில் நேரடியாக ஓடும் எக்ஸி ஃபைலாக்கிக் கொடுத்தேன். முதல் நாளே அண்ணன் ஃபோன் எடுத்தார்.

"தங்கச்சி, எண்டர் தட்டினவுடன புரோகிராம் யன்னல் மூடுது. ஐஸ் லொறி வந்து நிக்குது!"

மூன்று தடவை புதிதாக எக்ஸி செய்து அனுப்பியும் அதே கதைதான். கடைசியில் கடற்கரைக்கே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எத்தனை கிலோ மீன் என்ற கேள்விக்கு அவர் "200-250" என்று தட்டினார்; புரோகிராம் உடனே மூடியது.

"ஒரு எண்தான் போடோணும், அண்ணா."

"படகு கரைக்கு வர முன்னம் இத்தனை கிலோதான் எண்டு ஆர் சொல்லுவினம்?"

அவர் சொன்னதுதான் சரி. இப்போது புரோகிராம் இரண்டு எண்ணையும் ஏற்கும்; விளங்காவிட்டால் மூடாமல் தமிழில் திரும்பக் கேட்கும். அண்ணன் ஒருமுறை தட்டிப் பார்க்கும்வரை, நான் எதையும் எழுதி முடித்ததாகச் சொல்வதில்லை.