ஆறு பக்கமும் என் நம்பர்

பலூன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், வெடிக்கும், பெட்டி பாராசூட்டில் இறங்கும். அதுவரைக்கும் எங்கள் கல்லூரிக் குழுவில் எல்லாருக்கும் ஒரே கருத்துதான். படமெல்லாம் கேமராவுக்குள்ளேயே பதிவாகிறது. பெட்டி கைக்கு வராவிட்டால் ஒரு வருட வேலை போச்சு. சண்டை வந்தது பெட்டிமேல் ஒட்டுகிற தாளைப் பற்றி.

பெட்டியை எடுப்பவர் எங்களைக் கூப்பிடச் சொல்லி ஆங்கிலத்தில் எட்டு வரி. கடைசியில் எறும்பு சைஸில் போன் நம்பர்.

"இத யாரு படிப்பா?" என்றேன்.

"ஜிபிஎஸ் இருக்கு மச்சா. தாள் சும்மா ஃபார்மாலிட்டி," என்றான் குழுத் தலைவன்.

என் அப்பா லிங்கராஜபுரத்தில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். எழுத்து தெரியாது, எண் தெரியும். போன் அடித்தால் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்து, "மேஸ்திரி கூப்புடுறாரு" என்பார். பெட்டியை எடுப்பவரும் அப்பா மாதிரி இருந்தால்? கேட்டேன்.

"உங்கப்பாவுக்கா பலூன் விடுறோம்?" என்று ஒருத்தன் சிரித்தான்.

"ஆமாண்டா."

பறக்கவிட்ட அன்று காலையில், தெர்மாகோல் பெட்டியின் ஆறு பக்கமும் கறுப்பு மார்க்கரால் ஒரு போன் படம் வரைந்து, கீழே என் நம்பரை உள்ளங்கை உயரத்துக்கு எழுதினேன். பேராசிரியர் பார்த்துவிட்டார்.

"யாரக் கேட்டு எழுதின? மீன்கடைப் பெட்டி மாதிரி ஆக்கிட்டியே!"

"அழியாது சார், பர்மனென்ட் மார்க்கர்," என்றேன்.

மேலே போன கொஞ்ச நேரத்தில் ஜிபிஎஸ் நின்றுபோனது. அப்புறம் வரவேயில்லை. காற்றுப்போக்கைக் கணக்குப் போட்டு, ஓசூர் தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்குமேல் என் போன் அடித்தது. ஒரு அம்மாவின் குரல்.

"ஏம்ப்பா, உங்க பொட்டி மேலருந்து வந்து உளுந்து கெடக்கு. வெடிக்குமா?"

"வெடிக்காதும்மா! எங்க இருக்கீங்க?"

"வேப்பனப்பள்ளி பக்கம், ஆடு மேய்க்கறேன். சீக்கிரம் வா, ஆடு கயித்தத் திங்குது."

"தாளப் படிச்சீங்களா?"

"எனக்கு ஏது படிப்பு? நம்பரு இருந்துச்சு, அடிச்சேன்."

அடுத்த வாரம் துறையில் படம் காட்டினோம். கறுப்பு வானம், வளைந்த பூமி, கைதட்டல். அடுத்த ஸ்லைடில், 'பெட்டி மீட்பு: ஜிபிஎஸ் மூலம்.'

எழுந்தேன். "சார், அது தப்பு."

"அப்புறம் பேசலாம், உக்காருப்பா."

"ஆடு மேய்க்கிற அம்மா போன் பண்ணாங்கன்னு போடச் சொல்லுங்க சார். உக்கார்றேன்."

குழுத் தலைவன் முகம் சிவந்து கீபோர்டுக்குக் குனிந்தான். ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வந்து முடியும்வரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.